சுமை தாங்கும் பழைய மலைச் சைக்கிள்

1923 அக்டோபரில் பம்பாயிலிருந்து சில பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928 மார்ச்சில் சுற்றை முடித்துத் திரும்பினார்கள். சுமார் 71,000 கிலோமீட்டர்! மவுண்டன் பைக் என்ற பெயரே அப்போது கிடையாது.

இன்று கூடாரம், ஸ்டவ், மாற்றுத்துணி எல்லாம் கட்டிக்கொண்டு மதுரை விளாங்குடியிலிருந்து கிளம்புகிறவர் அவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. பழைய மவுண்டன் பைக் ஒன்று போதும். எவ்வளவு பழையது என்பதில்தான் விஷயம்.

அமெரிக்காவின் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 1981இல் ஸ்டம்ப்ஜம்பரைக் கடைக்குக் கொண்டுவந்தது. அது முதல் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த வண்டிகளில் பெரும்பாலானவை எஃகு பிரேம், ஸ்பிரிங் இல்லாத போர்க். பின்சக்கரம் பெடலிலிருந்து நன்றாகத் தள்ளியிருப்பதால், கேரியரில் தொங்கும் பையில் குதிகால் இடிக்காது. கேரியர் பூட்டுவதற்கான துளைகளும் பலவற்றில் உண்டு. ஸ்பிரிங் போர்க் பரவியபின் வந்தவற்றில் சுமைக்கு மரியாதை குறைந்துவிட்டது.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் பெயிண்டையும் கியர் எண்ணிக்கையையும் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது பின்சக்கரம். சுமையில் பெரும்பங்கு அங்கேதான் இறங்குகிறது. பால்கேன் கட்டும் நம்மூர்ச் சைக்கிளில் முன்னால் 32 ஸ்போக்ஸ், பின்னால் 40 என்று வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். மவுண்டன் பைக்கில் 36 இருந்தால் போதும். ஆனால் ஹப் எந்த வகை என்று கேட்க வேண்டும். திருகி மாட்டும் ப்ரீவீல் என்றால், வலப்பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். தாங்கல் இல்லாமல் நீளும் ஆக்சில் பாரத்தில் வளையும், சமயத்தில் முறியும். இன்னொரு வகையான கேசட் ஹப்பில் பேரிங் வெளிவிளிம்புக்கு அருகே இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆக்சில் ஆடுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ரிம் கோணியிருந்தால் கோட்டம் எடுத்துச் சரிசெய்துவிடலாம். பிரேம் மூட்டில் விரிசல் இருந்தால் பேரமே வேண்டாம்.

மதுரைச் சமவெளியில் கியர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். வாடிப்பட்டி வரை நியாயமான கேள்விதான். வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலைச்சாலை தொடங்கினால், ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,800 மீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதா சைக்கிள் பெடலின் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல் ஓடும். சுமையோடு அந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள மவுண்டன் பைக்கில் 28க்கு 28 போட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான். மெதுவாகப் போகும், ஆனால் உட்கார்ந்தபடியே போகலாம்.

டயரில் ஓர் எச்சரிக்கை. கடையில் '26' என்று கேட்டால் இரண்டு வகை வரும். லேடீஸ் சைக்கிளுக்கான 26 × 1⅜ டயர் 590 மில்லிமீட்டர் ரிம்முக்கு. மவுண்டன் பைக்கின் தடித்த டயர் 559 மில்லிமீட்டருக்கு. ஒன்றில் மற்றது உட்காராது. பக்கச்சுவரில் இருக்கும் எண்ணைப் படித்துத்தான் வாங்க வேண்டும். இந்த 559 டயர் ஹீரோ ரேஞ்சர் போன்ற வண்டிகளால் சிற்றூர்க் கடைகளுக்கும் வந்துவிட்டது. வழியில் டயர் வெடித்தால் அதன் அருமை புரியும்.

காசு கொடுக்கும் முன் கேரியரின் இருபுறமும் பத்துப் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கட்டுங்கள். சமயநல்லூர் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். இறக்கத்தில் ஹேண்டில் பார் உதறினால், வண்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.