ஜென்னேயின் பழைய மேடு

மேற்கு ஆபிரிக்காவிலே, மாலி என்னும் நாட்டில், ஜென்னே என்றொரு சிறிய பட்டினம் உண்டு. நைகர் பேராற்றோடு கலக்கும் பானி ஆற்றை அண்டி அது அமைந்திருக்கிறது. ஆறு பெருகும் மாதங்களில் பட்டினத்தைச் சுற்றி நாற்புறமும் நீர். வறண்ட மாதங்களிலோ வெடித்துக் கிடக்கும் களிமண் நிலம். வீடுகள் மண்ணால் ஆனவை. 1907ஆம் ஆண்டிலே மீண்டும் கட்டியெழுப்பப்பட்ட பெரிய பள்ளிவாசலும் மண்ணால் ஆனதே. ஊரார் ஒன்றுகூடிக் குழைத்த சேற்றைச் சுமந்து வந்து ஆண்டுதோறும் அதன் சுவர்களைப் பூசுகின்றனர். திங்கட்கிழமைகளில் அதன் முன்றிலிலே சந்தை கூடும். ஜென்னேயைப் பற்றி எழுதும் பயணிகள் பெரும்பாலும் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வர். பட்டினத்துக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் கிடக்கும் மண்மேட்டை அவர்கள் பொருட்படுத்துவதில்லை.

அந்த மேட்டைப் பொருட்படுத்தியவர்கள் ஓர் இளந் தம்பதியர். ரொடறிக் மக்கின்ரொஷ், அவர் மனைவி சூசன் மக்கின்ரொஷ் என்னும் அமெரிக்கர் இருவரும் 1977ஆம் ஆண்டு ஜென்னேக்கு வந்தனர். அப்பொழுது அவர்கள் பெயர்பெற்ற பேராசிரியர்கள் அல்லர். கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவர்களே. வெள்ளம் வடிந்து நிலம் காய்ந்திருக்கும் ஒரு பருவந்தான் அவர்களுக்குக் கிடைத்த காலம். அந்தக் குறுகிய பயணம் ஒரு கண்டத்தின் வரலாற்றைத் திருத்தியெழுத வைத்தது.

அக்காலத்துப் பாடநூல்கள் மேற்கு ஆபிரிக்க நகரங்களைப் பற்றிக் கூறியது யாது? சகாராப் பாலைவனத்தைக் கடந்து அராபிய வணிகர் ஒட்டகங்களோடு வந்தனர். பொன்னையும் உப்பையும் மாற்றிக்கொள்ளச் சந்தைகள் தோன்றின. சந்தைகள் நகரங்களாயின என்பதே. பிறர் வந்து தொட்ட பின்னரே அங்குள்ளோர் நகரங் கண்டனர் என்பது இதன் பொருள். இதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவை பெரும்பாலும் அராபிய மொழியில் எழுதப்பட்ட குறிப்புகள். எழுதியவர் வந்த காலத்திலிருந்துதான் வரலாறு தொடங்கும் என்று கொள்வது படித்தவர்களுக்கு எளிதில் வரும் பிழை.

ஜென்னே மக்களோ வேறொன்று கூறிவந்தனர். அந்த மேட்டை அவர்கள் ஜென்னே ஜெனோ, அதாவது பழைய ஜென்னே என்றே அழைத்தனர். தம் முன்னோர் முதலில் குடியிருந்த இடம் அதுவே என்பது அவர்களுடைய மரபு. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஸ்-சாதி என்னும் அறிஞர் தாம் எழுதிய சூடான் வரலாற்றிலே, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், இஸ்லாம் பரவுமுன்னரே ஜென்னே தோன்றியது என்று கூறினார். அந்நாட்டிலே 7,077 ஊர்கள் நெருங்கிக் கிடந்தன என்றும் அவர் எழுதினார். அரசன் தொலைவிலுள்ள ஒருவனை அழைக்க விரும்பினால், ஏவலாளன் நகர வாயிலிலே நின்று கூவுவானாம். அக்குரலைக் கேட்ட ஊரார் அடுத்த ஊருக்குக் கூவ, அழைப்பு உரியவனைச் சென்று சேருமாம். வானொலியில்லாத நாட்டில் அதனினும் மலிவான ஒலிபரப்பு இருந்திருக்கிறது! இதைக் கற்பனை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் ஜென்னேயைச் சுற்றி நடந்து பார்ப்பவர் கண்ணுக்கு, பழங்குடியிருப்புகள் விட்டுச்சென்ற மேடுகள் ஒன்றுக்கொன்று அண்மையிலே பல பத்துக்கணக்கில் தென்படுகின்றன.

பழைய மேட்டின் பரப்பு ஏறத்தாழ 80 ஏக்கர். அதன்மேல் அடியெடுத்து வைத்தால் காலடியில் நெருநெருப்பவை உடைந்த பானையோடுகள். மழைநீர் அரித்த இடங்களில் மண்ணுக்குள்ளிருந்து பெரிய தாழிகளின் வாய்கள் வட்டவட்டமாக எட்டிப் பார்க்கும். இறந்தோரை இட்டுப் புதைத்த தாழிகளும் அவற்றுள் உண்டு. தம்பதியர் அங்கே குழிகளை அளந்து வெட்டினர். 16 அடிக்கு மேற்பட்ட ஆழம்வரை மனிதர் வாழ்ந்த தடயம் படைபடையாக இறங்கிச் சென்றது. அடுப்புக் கரியின் வயதைக் கதிரியக்க முறையால் அளந்தபோது, அடிப்படையின் காலம் ஏறக்குறைய கி.மு. 250 எனத் தெரியவந்தது. இஸ்லாம் தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட காலம் அது. கி.பி. 800 அளவில் குடியிருப்பு மேடு முழுவதும் பரந்திருந்தது. அதனைச் சுற்றி ஒன்றேகால் மைல் நீளமுள்ள மதிலும் இருந்தது; அம்மதிலின் அடிப்புறம் 12 அடி அகலம்.

அவர்கள் உண்டது என்ன என்பதையும் மண் காத்துவைத்திருந்தது. மிகப் பழைய படைகளிலேயே நெல் கிடைத்தது. அது ஆசியாவிலிருந்து போன நெல் அன்று. ஆபிரிக்கர் தம் ஆற்றுவெளிகளில் தாமே வளர்த்துப் பயிராக்கிய வேறோர் இனம். மீன் முள்ளும் மாட்டெலும்பும் கிடைத்தன. வெள்ளச் சமவெளியில் இரும்புத் தாது இல்லை; கட்டடத்துக்கோ அம்மிக்கோ ஏற்ற கல்லும் இல்லை. எனினும் முதற்குடிகளின் காலத்திலேயே இரும்பு இருந்தது, கல்லும் இருந்தது. பின்னர்ச் செம்பும் வந்தது. ஆற்றிலே படகேறி நெல்லும் மீனும் வெளியே போயிருத்தல் வேண்டும். இரும்பும் கல்லும் உள்ளே வந்திருத்தல் வேண்டும். அராபிய வணிகர் வருவதற்கு முன்பே அங்கே வாணிகம் நன்றாக நடந்திருக்கிறது.

தம்பதியரை வியப்பில் ஆழ்த்தியது கிடைத்த பொருள்கள் மாத்திரமன்று, கிடைக்காதவையுமே. அரண்மனை இல்லை. மன்னனின் பெருஞ்சமாதி இல்லை. ஒருவன் ஆள, ஏனையோர் அடங்கியிருந்தனர் என்பதற்கான அடையாளம் எதுவும் புலப்படவில்லை. கொல்லர், மீனவர், உழவர் எனத் தொழில்வாரியாக அண்டை அண்டையாகக் குடியேறி, ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த மக்களின் கூட்டமே நகரமாயிற்று என்பது அவர்கள் கொண்ட முடிவு. அரசன் இல்லாமல் நகரம் உண்டோ என்று கேட்ட அறிஞர்கள் இருந்தனர். அந்த வாதம் பயனுள்ள வாதமே. 1981இல் அவர்கள் மீண்டும் வந்து அகழ்ந்தனர்; முதற் பருவத்தின் முடிவுகள் மேலும் உறுதிப்பட்டன. கி.பி. 1400 அளவில் பழைய மேடு கைவிடப்பட்டது. புதிய சமயத்தைத் தழுவியோர் முன்னோரின் இடத்தை விட்டு இன்றைய ஜென்னேயில் தங்கினர் என்று ஊகிப்போர் உளர்.

இனிச் சொல்லப்போவது துயரமான செய்தி. அந்த மண்ணிலே சுடுமண் பாவைகள் கிடைக்கும். முழந்தாளிட்டிருக்கும் மனிதர், உடலிலே பாம்புகள் ஊரும் உருவங்கள் எனப் பலவகை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வர் இவற்றுக்குப் பெரும்பணம் கொடுத்தனர். கூலிக்குத் தோண்டிய ஏழைக்குக் கிடைத்ததோ சில நாட் சோறு. இரவிலே மேடுகள் கிண்டப்பட்டன. மக்கின்ரொஷ் தம்பதியரின் அகழ்வில் சில பாவைகள் தாம் கிடந்த இடத்திலேயே கிடைத்தமையால், அவை எக்காலத்தன, எவ்வகைக் கட்டடத்தைச் சார்ந்தன என்று கூற முடிந்தது. களவாடப்பட்ட பாவையோ கண்ணாடிப் பேழைக்குள் அழகாக நிற்கும். அதனருகே என்ன இருந்தது, யார் அதை வணங்கினர் என்று கேட்டால் விடை இல்லை. விற்றவன்மீது மட்டும் பழிபோட்டு வாங்கியவனைக் கலாரசிகன் என்று போற்றுவது நியாயமாகாது. ரொடறிக் மக்கின்ரொஷ் இவ்வாணிகத்தை வெளிப்படையாகவே கண்டித்து எழுதினார். 1993ஆம் ஆண்டில் நைகர் பள்ளத்தாக்கின் தொல்பொருள்களைத் தன் நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு அமெரிக்கா தடை விதித்தது.

யுனெஸ்கோ நிறுவனம் 1988இல் ஜென்னேயையும் பழைய மேட்டையும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2012இல் மாலியிலே போர் மூண்ட பின்னர் வெளிநாட்டார் வரவு அருகியது. மேட்டைக் காப்பதும் கடினமாயிற்று. 2016இல் ஜென்னே ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அந்த மேட்டிலே அகழப்பட்ட பகுதி மிகச் சிறியது. எஞ்சிய பெரும்பரப்பு தோண்டப்படாமலே கிடக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் அதன் சரிவிலே இன்னும் சில தாழிகளின் வாய்கள் வெளிப்படுகின்றன.