கோப்பியும் கூட்டுறவும்

கோப்பி மரத்தில் விளைவது கொட்டையன்று, பழம். செக்கச்செவேலென்று கனிந்த அப்பழத்தினுள்ளே, வழுவழுப்பான பசையாற் சூழப்பட்டு, இரண்டு வித்துக்கள் முகத்தோடு முகம் பொருந்திக் கிடக்கின்றன. பழத்தைப் பறித்த சிறிது நேரத்திலேயே அது புளிக்கத் தொடங்கிவிடுகின்றது. அன்றைய பொழுதுக்குள் தோலை நீக்காவிடிற் சுவை கெடும். உயர்ந்த கோப்பியும் தாழ்ந்த கோப்பியும் பெருமளவுக்கு இந்தச் சில மணி நேரத்திலேயே பிரிந்துவிடுகின்றன.

சில நூறு மரங்களை மட்டுமே உடைய ஏழைக் கமக்காரன் இந்த நேரத்தை எவ்வாறு வெல்வான்? ஆபிரிக்காவின் நடுவே அமைந்துள்ள ருவண்டா நாடு இதற்கு ஒரு விடை தருகின்றது.

மலைகள் செறிந்த அந்நாட்டிலே, பெல்ஜியர் ஆட்சியில், 1930ஆம் ஆண்டுகளிற் கோப்பிச் செய்கை கட்டாயமாக்கப்பட்டது. மண்ணும் உயரமும் அரபிக்கா இனத்துக்கு மிக ஏற்றவை. ஆயினும் நெடுங்காலம் அது மலிவுச் சரக்காகவே விலைபோயிற்று. ஒவ்வொரு குடும்பமும் தன் முற்றத்திலேயே பழத்தின் தோலை நீக்கி, கிடைத்த நீரிற் கழுவி உலர்த்தியது. ஒருவருடையது புளித்திருக்கும்; மற்றொருவருடையது பூஞ்சணம் பிடித்திருக்கும். வணிகரோ யாவற்றையும் ஒன்றாகக் கலந்தனர். நன்றாகச் செய்தவனுக்கும் அதே விலைதான். 1989இற் சர்வதேசக் கோப்பி உடன்படிக்கையின் பங்கீட்டு முறை குலைந்தபோது அந்த விலையும் வீழ்ந்தது. 1994இல் நிகழ்ந்த இனப்படுகொலை எண்ணற்ற குடும்பங்களை அழித்தது.

அத்துயரின் பின், 1999இல், தென் ருவண்டாவின் மராபா என்னும் பகுதியிலே கமக்காரர் ஒரு சங்கம் அமைத்தனர். அபாஹுஸமுகாம்பி என்பது அதன் பெயர். ஒரே நோக்குடன் கூடி உழைப்போர் என்பது பொருள். ருவண்டாத் தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவும் துணைநிற்க, 2001இல் அங்கே ஒரு கோப்பி கழுவும் நிலையம் எழுந்தது.

அத்தகைய நிலையத்திலே பழங்கள் முதலில் நீர்த்தொட்டியில் இடப்படுகின்றன. முற்றியவை அமிழும், பூச்சி அரித்தவை மிதக்கும். யந்திரம் தோலை நீக்கியபின், வித்துக்கள் ஏறக்குறைய ஓர் இரவு தொட்டியிற் கிடந்து நொதிக்கின்றன. பசை கழன்றதும் வாய்க்காலிலே கழுவப்படுகின்றன. கனத்தவை முதலில் தங்க, இலேசானவை நீரோடு செல்ல, தரம் தானே பிரிகின்றது. பின்னர் உயரமான வலை மேசைகளில் இரண்டு வாரமளவில் உலர்கின்றன. ஈரம் நூற்றுக்கு 12 பங்களவாகக் குறையும்வரை, பெண்கள் அருகில் நின்று பழுதானவற்றைப் பொறுக்கி நீக்குகின்றனர். 6 கிலோ பழத்தில் 1 கிலோ கொட்டையே தேறுகின்றது.

இவ்வளவு கவனம் எதற்கு? ஒரு வகைப் பூச்சி துளைத்த கொட்டை ஒன்று கலந்தாலும் அந்தப் பாத்திரத்துக் கோப்பி முழுவதிலும் பச்சை உருளைக்கிழங்கின் வாடை வீசும். ஒருவருடைய அசட்டை அயலவர் அனைவரின் உழைப்பையும் கெடுத்துவிடும். ஆகவே ஒருவர் தோட்டத்தில் மற்றவருக்கும் அக்கறை பிறக்கின்றது.

எனினும் சோதனை ஒன்று உண்டு. பழத்தை ஒப்படைக்கும்போது சங்கம் ஒரு பகுதி விலையையே கொடுக்கும். மீதி, கோப்பி விற்றபின் இலாபம் கிடைத்தாற்றான் வரும். தெருவில் நிற்கும் தரகனோ உடனே காசை நீட்டுவான். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வழி தேடும் தாய் அவனிடம் விற்றால் யார் குறைகூற முடியும்? ஆனால் எல்லோரும் அவ்வாறே செய்தால் நிலையத்தின் தொட்டி வெறுமையாகும்; கடன் மட்டும் எஞ்சும். கணக்கை ஒளிவின்றிக் காட்டி, சொன்ன நாளிற் பணத்தைக் கொடுக்கும் சங்கமே அங்கத்தவரைத் தன்பாற் பிணித்து வைக்கின்றது.

சிறந்த கோப்பியைத் தெரிந்தெடுக்கும் சர்வதேசப் போட்டியொன்றை 2008இல் ஆபிரிக்காவிலேயே முதன்முதலாக நடத்திய நாடு ருவண்டாவாகும். அப்பெருமையினும் பெரிது வேறொன்றுண்டு. படுகொலையிற் கணவரை இழந்த பெண்களும், எதிர்ப்புறம் நின்ற குடும்பத்தவரும், ஒரே மேசையின் இருபுறமும் நின்று கொட்டை பொறுக்குகின்றனர். அவர்களுடைய துயரைக் கோப்பி ஆற்றிவிட்டது என்று கூறுதல் மிகையாகும். ஆனால் ஒருவர் கையை மற்றவர் நம்பாமல் அந்த வேலை நடைபெறாது. அந்த வேலை ஒவ்வோர் அறுவடைக்கும் நடைபெறுகின்றது.