தில்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

பட்டம் பெற்றோர் பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட இரயில்வே குமாஸ்தாவாகிய எம்மையும் பேச அழைத்தீர்கள். எமக்குப் பழக்கமானவை தூரமும் நேரமுமே. அவற்றைப் பற்றியே பேசுகிறோம்.

தில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியே சுமார் 2,180 கிலோமீட்டர். வான்வழியே சுமார் 1,760 தான். இரு நகரங்களுக்கும் அட்சரேகையில் வித்தியாசம் பதினைந்தரை பாகை. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 1,720 வரும். சென்னை சற்றுக் கிழக்கே ஒதுங்கியிருப்பதால் இன்னும் ஒரு நாற்பது. இருப்புப்பாதையோ போபால், நாகபுரி, வாரங்கல், விஜயவாடா என்று ஊர்தோறும் நலம் விசாரித்துக்கொண்டு செல்கிறது.

1976-இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இத்தூரத்தை ஏறத்தாழ 33 மணி நேரத்தில் கடக்கிறது. விமானத்திற்கு இரண்டே முக்கால் மணி நேரம் போதும். ஆனால் நம்மில் பலருக்குச் சென்னை முடிவான ஊர் அன்று. எங்கள் ஊர் கும்பகோணத்தை அடுத்த சிற்றூர். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை கணக்கிட்டால், விமான நிலையத்தில் காத்திருப்பது உட்பட 14 மணி நேரம். இரயிலில் சென்று, எழும்பூரில் வண்டி மாறிப் போய்ச் சேர 43 மணி நேரம்.

இக்கணக்கை நாங்கள் காலங்கடந்தே போட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலையில், தாயார் கவலைக்கிடமாக இருப்பதாகத் தம்பி தொலைபேசியில் சொன்னார். குடும்பத்தார் நால்வருக்கும் விமானக் கட்டணம் ஒரு மாதச் சம்பளத்தை எட்டியது. எங்களில் ஒருவராவது பறந்திருக்கலாம். கையில் இரயில்வே பாஸ் இருக்கிறதே என்ற எண்ணம் தடுத்துவிட்டது. அன்றிரவு வண்டி ஏறினோம்.

"வண்டி எங்கே வருகிறது?" என்று தாயார் கேட்டுக்கொண்டே இருந்தாராம். நாகபுரி தாண்டிவிட்டது என்று தம்பி சொன்னபோது தலையசைத்தாராம். வாரங்கல் வருமுன் அவர் உயிர் பிரிந்தது. நாங்கள் வண்டி ஏறிய பின்னும் 21 மணி நேரம் அவர் காத்திருந்தார். 14 மணி நேரத்தில் போய்ச் சேர ஒரு வழி இருந்தது.

இதனை அனுதாபம் வேண்டிச் சொல்லவில்லை. நம் காலனியில் ஊரில் முதியோர் இல்லாத குடும்பம் அரிது. ஆகவே சங்கத்தில் அவசரப் பிரயாண நிதி ஒன்று தொடங்க வேண்டுகிறோம். குடும்பத்திற்கு மாதம் நூறு ரூபாய் போதும். இடுக்கண் வந்தவருக்கு அன்றே வட்டியின்றிக் கொடுத்து, பின்னர் தவணையில் பெற்றுக்கொள்ளலாம்.

அவசரம் இல்லாத நாளிலும் ஊருக்குச் செல்லுங்கள். அப்பொழுது இரயிலே இனிது. வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போகலாம். வாசலில் நம்மை எதிர்பார்த்து நிற்பவரையும் காணலாம்.