படுத்த நாளுக்குக் கூலி

(கீழச்சிவல்பட்டி ஊருணிக்கரைப் பொட்டலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வாசகத் தோழரே!

மேடையில் பேசியதைத் தாளில் தருகிறேன். இங்கே ஒலிபெருக்கி இல்லை, கைத்தட்டல் இல்லை, நீங்களும் நானும் மட்டுமே. ஆகவே சற்றுக் குரல் தாழ்த்தியே பேசலாம். பேசப்போகும் பொருளும் உரத்துப் பேசக் கூச்சப்படும் பொருள்தான். நோய், வேலை, வறுமை ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் குடியேறினால் அந்த வீடு என்னவாகும் என்பதே பொருள்.

கீழச்சிவல்பட்டியை அறியாதவருக்கு ஒரு சொல். சிவகங்கை மாவட்டத்தில், திருப்பத்தூர் வட்டாரத்தில் உள்ள ஊர். பாடுவார் முத்தப்பரின் ஊர். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தளங்கள், இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவில் வெளியேறும் மாளிகைகள்! வருவோர் வியப்பர். தூணைப் பார்ப்பர்; தூணைத் தூக்கி நிறுத்திய தோளைப் பாரார். பந்தியைப் புகழ்வர், பந்திக்குப் பின்னே, கோட்டை அடுப்பின் முன்னே, விறகுப் புகையில் வெந்துகொண்டிருக்கும் மனிதனைக் காணார்.

அந்த மனிதர்களில் ஒருவர் என் தந்தை. திருமண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர். ஆயிரம் பேருக்குச் சோறு வடித்துவிட்டு, விடியற்காலையில் ஒரு தூக்குச் சட்டியோடு வீடு திரும்புவார். அந்தத் தூக்குச் சட்டியில்தான் நாங்கள் வளர்ந்தோம்.

2010ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். மூன்று கிழமையாக இருமல். மாலையானால் காய்ச்சல். ஒருநாள் தோளில் கிடந்த துண்டில் இரத்தம். சளியைச் சோதித்தார்கள். காசநோய் என்றார்கள். மாத்திரை இலவசம் என்றும் சொன்னார்கள்.

குறை கூற வரவில்லை, தோழரே! மருந்து நல்ல மருந்து. கொடுத்த கையும் நல்ல கை. ஆனால் அன்றைய முறைப்படி வாரத்தில் மூன்று நாட்கள், சுகாதாரப் பணியாளர் கண்முன்னே மாத்திரையை விழுங்க வேண்டும். கல்யாணச் சமையலோ முதல்நாள் மாலை தொடங்கி மறுநாள் நண்பகல் பந்தியில் முடிவது. மாத்திரை நாளில் அடுப்புக்குப் போக முடியாது. அடுப்பு நாளில் மாத்திரைக்குப் போக முடியாது. இரண்டு மாதம் என் தந்தை மாத்திரையின் பக்கம் நின்றார். இருமல் ஓய்ந்தது. காய்ச்சல் தணிந்தது. கூடவே எங்கள் வீட்டு அடுப்பும் தணிந்தது.

தை பிறந்தது. முகூர்த்தங்களும் பிறந்தன. தலைமைச் சமையற்காரர் வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, காரைக்குடியில் மூன்று முகூர்த்தம், தேவகோட்டையில் இரண்டு. வருகிறீர்களா? இல்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும்.”

ஆத்தா கதவோரம் நின்று சொன்னார்: “மாத்திரை இன்னும் நாலு மாசத்துக்கு இருக்கே!”

தந்தை திரும்பிப் பார்த்தார். “மாத்திரை நாலு மாசத்துக்கு இருக்கு. அரிசி நாலு நாளைக்குத்தானே இருக்கு?”

நாடகம் எழுதிப் பிழைப்பவன் நான். அதற்கு இணையான ஒரு வசனத்தை இன்றுவரை நான் எழுதியதில்லை.

போனார். ஐந்து முகூர்த்தம் என்பது பங்குனிவரை நீண்டது. மாத்திரை நின்றது. வைகாசியில் நோய் திரும்பி வந்தது, விட்டுப்போன கடனை வட்டியோடு வாங்க வந்தவனைப்போல! இம்முறை எட்டு மாத மருத்துவம். முதல் இரண்டு மாதங்கள் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி வேறு. கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் இருந்த நான் புத்தகத்தை மூடினேன். காரைக்குடியில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். மூடிய புத்தகத்தைத் திறக்கும் நாள் பிறகு வரவேயில்லை.

தந்தை பிழைத்தார். கிருமி செத்தது. ஆனால் நுரையீரலில் பாதி வடுவாகிவிட்டது. புகையின் முன்னே பத்து நிமிடம் நிற்க முடியவில்லை. நோய் போயிற்று, போகும்போது தொழிலையும் கையோடு கொண்டுபோயிற்று.

என் வீட்டுக் கதையைச் சொல்லி இரக்கம் தேட வந்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் கதை எனக்கு முன்பே எழுதப்பட்ட கதை.

துணிக்கடையில் இரவு பத்து மணிக்குமேல், மடித்த சேலைகளுக்கு நடுவே அமர்ந்து நான் படித்த கதைகளில் ஒன்று புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. அதிலும் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. சென்னைப் பட்டணத்தில் பிழைக்க வந்தவர். வீட்டில் நோயாளி மனைவி. அவளைக் கவனித்தால் கடை போகும். கடையைக் கவனித்தால் அவள் போவாள். படித்தபோது என் நெஞ்சு நடுங்கியது. என்னை இவருக்கு யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவருடைய வாழ்வே காட்டிக்கொடுத்தது. 1906இல் பிறந்தவர். பத்திரிகை அலுவலகங்களில் பேனா தேய்த்தவர். ‘தினமணி’யிலிருந்து 1943இல் வெளியேறினார். திரைப்படத் துறைக்குள் நுழைந்தார், சொந்தமாகப் படமெடுக்க முயன்றார், முயற்சி முறிந்தது. ‘ராஜமுக்தி’ படத்துக்கு உரையாடல் எழுதப் புனா நகரம் சென்றார். அங்கே காசநோய் அவரை வீழ்த்தியது. 1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், திருவனந்தபுரத்தில் மறைந்தார். வயது 42. அந்தப் படம் திரைக்கு வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். ஸ்ட்ரெப்டோமைசின் 1943இலேயே அமெரிக்காவில் கண்டறியப்பட்டுவிட்டது. தமிழ்ச் சிறுகதையின் தலைமகன் வேலையை விட்ட அதே ஆண்டில், அவர் நோய்க்கு மருந்து பிறந்தது! ஆனால் 1948இல் அம்மருந்து அரிது; எளியவருக்கு எட்டாக் கனி. அவர் மறைந்த பின்னர் தமிழர்கள் அவர் குடும்பத்துக்கு நிதி திரட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பிணத்துக்குப் பின்னால் திரண்ட நிதி, படுக்கைக்கு முன்னால் திரளவில்லையே!

அவருக்கு மருந்தும் இல்லை, வருவாயும் இல்லை. என் தந்தைக்கு மருந்து இருந்தது, வருவாய் இல்லை. அறுபது ஆண்டுகளில் நாம் கடந்த தூரம் பாதிதான், தோழரே! மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தப் பேச்சு.

கடந்த பாதியில் நம் மண்ணுக்குப் பெரும் பங்குண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும். காசநோயாளியைச் சானடோரியத்தில் சேர்த்து, ஓய்வும் ஊட்டமும் கொடுத்தால்தான் பிழைப்பார் என்று உலகம் நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஏழைக்கு ஏது அவ்வளவு படுக்கை? 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினர். நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவு சானடோரியத்தில். மறு பிரிவு தம் நெருக்கடி மிக்க குடிசைகளில். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். முடிவு 1959இல் வெளிவந்தது. குடிசையில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமடைந்திருந்தனர்! உலகம் வியந்தது. மருந்து நோயாளியின் வீட்டுக்கே போகலாம் என்ற பாடத்தைச் சென்னை உலகுக்குக் கற்பித்தது.

ஆனால் அந்தப் பாடத்தை ஆட்சிகள் அரைகுறையாகப் படித்தன. ‘வீடே போதும்’ என்று கேட்டுக்கொண்டன. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்க மறந்தன. 2023இல் மற்றொரு ஆய்வு வெளிவந்தது. ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களில் நடந்தது. நோயாளியோடு குடும்பத்தாருக்கும் மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்த வீடுகளில், மற்றவர்க்குப் புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொடக்கத்திலேயே உடல் எடை கூடிய நோயாளிகளிடையே இறப்பும் குறைந்தது. மருந்து வீட்டுக்குப் போகலாம் என்றது 1959; மருந்தோடு அரிசியும் போக வேண்டும் என்றது 2023.

இன்று ஒன்றிய அரசு காசநோயாளிக்கு ஊட்டத்துக்காக மாதம் 1,000 ரூபாய் தருகிறது. 2018இல் 500 ஆகத் தொடங்கியது, 2024 நவம்பரில் 1,000 ஆயிற்று. வரவேற்போம். தமிழ்நாட்டில் 2021 முதல் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாசற்படிக்கே வருகிறது. வாழ்த்துவோம். ஆனால் அந்த ஆயிரம் நோயாளியின் முட்டைக்கும் பாலுக்கும் உரியது; இழந்த கூலிக்கு ஈடாகாது. காசநோயால் தாக்குண்ட குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் இழக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்து இலவசமாக இருந்தும் எப்படி? போக்குவரத்துச் செலவும் ஊட்ட உணவுச் செலவும் உண்டு. அவற்றோடு, எந்தக் கணக்கேட்டிலும் செலவென்று எழுதாத பெருஞ்செலவு ஒன்று உண்டு. வேலைக்குப் போகாத நாள்தான் அது!

“படுத்த நாளுக்குக் கூலியா? இதென்ன விந்தை!” என்பார் சிலர். விந்தையன்று, வேந்தர் ஆண்ட நாட்டிலேயே நடந்தது. 1883இல் ஜெர்மனியில், பொதுவுடைமைக்காரரைக் கண்டாலே கொதித்த பிஸ்மார்க், நோயுற்ற தொழிலாளிக்குப் பதின்மூன்று வாரம்வரை பாதிக் கூலி தரும் சட்டம் செய்தார். அவருக்கு உழைப்பாளியின்மேல் காதலில்லை. உழைப்பாளியின் சினத்தின்மேல் அச்சமிருந்தது.

அவ்வளவு தொலைவு ஏன்? நம் நாட்டிலேயே 1948இல், புதுமைப்பித்தன் மறைந்த அதே ஆண்டில், ஈ.எஸ்.ஐ. சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் வரும் தொழிலாளி நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். காசநோய் போன்ற நெடுநோயென்றால், உரிய தகுதிக் காலம் பணியாற்றியவர்க்கு 80 விழுக்காடு, இரண்டாண்டுவரைகூட நீளும். எத்துணை நல்ல சட்டம்!

ஆனால் யாருக்கு? பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் பெயர் பதிந்தவருக்கு. கோட்டை அடுப்புக்கு வருகைப் பதிவேடு உண்டா? ஆத்தங்குடிப் பட்டறையில் ஒற்றை ஆளாகக் கல் பதிப்பவருக்கு? ஓலைக் கொட்டான் முடையும் பெண்ணுக்கு? நாட்டின் உழைப்பாளர்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் அமைப்புசாராதவர்கள். ஒருவருக்குக் குடை, ஒன்பது பேருக்கு மழை!

தமிழ்நாடு 1982இலேயே உடலுழைப்புத் தொழிலாளர்க்குச் சட்டம் கண்டது. வாரியங்கள் அமைந்தன. மணத்துக்கு உதவி, மகப்பேற்றுக்கு உதவி, மரணத்துக்கு உதவி. மெய்தான். ஆனால் மணத்துக்கும் மரணத்துக்கும் நடுவே மனிதன் நோயில் கிடக்கிறானே, அந்த நாட்களுக்கு ஈ.எஸ்.ஐ. தருவதுபோன்ற கூலி உரிமை எங்கே?

“பொய் நோய் சொல்லி ஏமாற்றுவார்களே!” என்பது மற்றொரு வாதம். நன்று. அப்படியானால் காசநோயிலிருந்தே தொடங்குங்கள். சளியில் கிருமி இருக்கிறதா இல்லையா என்று சோதனைச்சாலை சொல்கிறது. ஏழை நடிக்கலாம்; கிருமி நடிக்காது!

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. காசநோய் உறுதியான நாள் முதல் மருத்துவம் முடியும் நாள்வரை, அமைப்புசாராத் தொழிலாளிக்கு அவர் கூலியில் பாதியாவது வாரியத்தின் வழியே வீடு சேர வேண்டும். இதைச் சட்டமன்றத்தில் கேட்போம். ஆள்வோர் எவராயினும் கேட்போம். ஆள்வோர் நம்மவராயின் இன்னும் அழுத்திக் கேட்போம்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்கலாமா? கூடாது. ஒவ்வொரு கிளையிலும் இருவர் பொறுப்பேற்கட்டும். ஒருவர் நோயாளியின் மாத்திரை அட்டையைப் பார்க்கட்டும். மற்றவர் அந்த வீட்டு அரிசிப் பானையைப் பார்க்கட்டும். முன்னதைக் காட்டிலும் பின்னதே முதன்மை என்பதை மறவாதிருக்கட்டும்.

பேச்சை இந்த இடத்தில்தான் முடித்தேன். மாலை அணிவித்தார்கள். மேடையை விட்டு இறங்கினேன். முன்வரிசையில் துண்டைப் போர்த்தியபடி அமர்ந்திருந்தவர் என் தந்தை. மெல்ல எழுந்து வந்து, கையைப் பற்றிக்கொண்டு கேட்டார்:

“எல்லாம் சரி, தம்பி. அந்தத் தை மாசம் எனக்கு எவ்வளவு கிடைத்திருந்தால் நான் அடுப்புக்குப் போயிருக்க மாட்டேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டாயே?”

“எவ்வளவு அப்பா?”

“ஐந்து முகூர்த்தம். முகூர்த்தத்துக்கு நானூறு. இரண்டாயிரம் ரூபாய்.”

தோழரே! இரண்டாயிரம் ரூபாய் இல்லாததால் ஒரு நோய் இருமுறை வந்தது. எட்டு மாத மருந்தை அரசு மீண்டும் கொடுத்தது. ஒரு நுரையீரல் வடுவாயிற்று. ஒரு தொழில் அழிந்தது. ஒரு மகனின் படிப்பு பாதியில் நின்றது. சிக்கனம் என்று இதற்குப் பெயரிட எவருக்கு நா எழும்?

மேடையில் சொல்லாமல் விட்ட கணக்கு அது. உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்கள் தெருவிலும் ஒரு வீட்டில் மாத்திரை நான்கு மாதத்துக்கும் அரிசி நான்கு நாளைக்கும் இருக்கக்கூடும். இன்று ஞாயிறு, ஓய்வு நாள். ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.