மூன்று நாள் வலை



ஹைதராபாத் மாதாப்பூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மாநாடோ கண்காட்சியோ இல்லாத வாரம் அபூர்வம். ஒரு பக்கம் ஹைடெக்ஸ் கண்காட்சி வளாகம், அருகிலேயே 2006-இல் திறந்த சர்வதேச மாநாட்டு மையம். முதல் நாள் இரவே மேடை போடுகிறவர்களும் விளக்கு கட்டுகிறவர்களும் ஒலி அமைக்கிறவர்களும் வந்து இறங்கிவிடுவார்கள். கூடவே கணினி வலை அமைக்கிற இன்னொரு குழுவும் வரும். தோளில் கேபிள் சுருள், கையில் கிரிம்ப்பிங் கருவி, பெட்டிகளில் சுவிட்சுகள். மைக் இரைந்தால் மறுநாள் எல்லோரும் அதைப் பற்றிப் பேசுகிறோம். இந்தக் குழுவின் கைத்திறனை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. இன்று கொஞ்சம் பார்ப்போம்.

என் அளவுகோல் ஒன்றுதான். இந்த வலை மூன்று நாளில் கலையப் போகிறது என்ற நினைப்போடு அமைத்தார்களா, இல்லை அலுவலகத்தில் போட்டதையே இங்கேயும் கொண்டுவந்து போட்டார்களா?

ஓர் உதாரணம் பார்ப்போம். 2016 நவம்பர் 3 முதல் 9 வரை இதே மாநாட்டு மையத்தில் ஐகான் அமைப்பின் 57-ஆவது கூட்டம் நடந்தது. இணையத்தின் பெயர்களையும் எண்களையும் உலக அளவில் ஒழுங்குபடுத்துகிற அமைப்பு அது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடக்கவேண்டிய கூட்டம், ஜிகா வைரஸ் பயத்தால் ஹைதராபாத்துக்கு மாறியது. கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்புதான், அக்டோபர் 1-ஆம் தேதி, ஐகானின் அந்தப் பணியின் மேல் அமெரிக்க அரசுக்கு இருந்த ஒப்பந்தப் பிடி விலகியிருந்தது. வந்தவர்கள் 3,000 பேருக்கு மேல். உலகத்துக்கே முகவரி எண் பங்கிடும் ஏற்பாட்டைக் கவனிக்கிறவர்கள்; ஆனாலும் கூடத்துக்குள் நுழைந்ததும் அவரவர் கைபேசிக்கும் ஓர் எண் வேண்டுமே!

அந்த எண்ணைத் தருவது டி.எச்.சி.பி. 1993-இல் ரால்ஃப் டிராம்ஸ் எழுதி, 1997-இல் திருத்திய வடிவில் இன்றும் ஓடுகிற நெறிமுறை. கருவிக்கும் சர்வருக்கும் நடுவே நான்கே பேச்சு. "யாராவது இருக்கிறீர்களா?" "இந்த எண் தருகிறேன்." "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்." "எடுத்துக்கொள், இத்தனை நேரத்துக்கு."

இந்த நான்காவது பேச்சின் கடைசி இரண்டு சொற்களில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அந்தக் கால அளவுக்கு லீஸ் என்று பெயர். விண்டோஸ் சர்வரைத் தொடாமல் விட்டால் லீஸ் 8 நாள். அலுவலகத்துக்கு அது பொருத்தம். நேற்று வந்தவரே இன்றும் வருவார். மூன்று நாள் கண்காட்சியில் 8 நாள் லீஸ் என்றால், முதல் நாள் காலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவரின் எண், கண்காட்சி முடிந்து பந்தல் பிரித்த பிறகுதான் திரும்பி வரும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரின் இலையை எடுக்காமலே அடுத்த பந்திக்கு ஆட்களைக் கூப்பிட்டால் எப்படி? அதுதான் நடக்கும். சாதாரணமாகப் போடுகிற சிறு வலையில் 254 எண்கள்தான் புழங்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு எல்லாம் தீர்ந்துவிடும். வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டும், இணையம் வராது. ஜனங்கள் இணைப்பு தந்த கம்பெனியைத் திட்டுவார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 3,000 பேர், ஆளுக்குக் கைபேசியும் மடிக்கணினியும் என்றால் 6,000 கருவிகள். 8,000 எண்களுக்கு மேல் உள்ள ஒரு தொகுதியை ஒதுக்கி, லீஸை ஒரு மணி நேரம் என்று வைத்தால் போதும். பாதி நேரம் கடந்ததும் கருவிகள் தாமாகவே புதுப்பிக்கக் கேட்கும்; நிமிடத்துக்குச் சுமார் 200 கேள்விகள். எந்தச் சர்வருக்கும் அது பாரமில்லை. சிலர் ஐந்து நிமிடம் வரைக்கும் இறங்குகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சர்வர் ஒருமுறை நின்று எழுந்திருப்பதற்குள் கூடம் முழுவதும் முகவரி இழந்து நிற்கும். பார்வையாளருக்கு ஒரு மணி, ஊழியர்களுக்கு ஒரு நாள், அடையாள அட்டை அச்சடிக்கும் பிரிண்டருக்கு மாறாத எண் என்று பிரித்துத் தருபவர் விஷயம் தெரிந்தவர்.

அடுத்தது வி-லேன். ஒரே சுவிட்சை, ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்காத பல சுவிட்சுகளாகப் பிரிப்பது. 1998-இல் வந்த 802.1க்யூ தரப்படி ஒவ்வொரு தரவுச் சட்டத்திலும் நான்கு பைட் அடையாளம் சேர்கிறது. 4,094 பிரிவுகள் வரை போகலாம். மாதாப்பூர் மையத்தின் பெருங்கூடம் 6,480 சதுர மீட்டர், அதை ஆறு கூடங்களாகத் தடுக்க முடியும். காலையில் ஒரே அவை, மதியம் ஆறு அமர்வு. தடுப்பு நகர்ந்தால் அந்த இடத்துக் கேபிள் செருகிய சுவிட்ச் போர்ட்டின் வி-லேனும் மாறவேண்டும். கேபிளைப் பிடுங்கிச் செருகாமல் விசைப்பலகையிலேயே அதை மாற்றலாம் என்பதற்குத்தான் மேனேஜ்டு சுவிட்சுக்கு அவ்வளவு வாடகை.

ஆனால் இங்கே பகட்டும் உண்டு. மூன்று நாள் நிகழ்ச்சிக்கு நாற்பது வி-லேன் போட்ட வரைபடத்தைப் பெருமையாகக் காட்டுவார்கள். ஐந்தாறு போதும்: பதிவு மேசை, பணம் வாங்கும் கருவிகள், மேடை வீடியோ, ஸ்டால்கள், பார்வையாளர், சுவிட்சுகளை நிர்வகிக்க ஒன்று. வி-லேன் 30 என்றால் முகவரி 10.30 என்று தொடங்கட்டும். நள்ளிரவில் ஷிப்ட் மாறி வருகிற பையன் எண்ணைப் பார்த்த உடனே இடத்தைச் சொல்வான். எண் 169.254 என்று தொடங்கினால் அதுவும் ஒரு சேதிதான். அந்தக் கருவிக்கு யாருமே பதில் தரவில்லை. முகவரி கேட்கும் குரல் வி-லேனைத் தாண்டாது. அதைச் சர்வரிடம் எடுத்துச் செல்லும் ரிலே வரியை யாரோ எழுத மறந்திருப்பார்கள்.

பணம் வாங்கும் கருவிகளைத் தனியே வைக்கச் சொன்னேனே, அதற்கும் அந்த 2016 கூட்டத்திலேயே காரணம் இருக்கிறது. நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாள் மாநாட்டின் கடைசி நாள். அப்படியொரு காலையில் அட்டை தேய்க்கும் கருவி, சினிமா இறக்குகிற கைபேசிகளோடு ஒரே வரிசையில் நிற்கக்கூடாது.

ஒரு குழுவின் தரத்தை ஒரே கேள்வியில் அறிய வேண்டுமானால், ஸ்டால் போர்ட்களில் டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் போட்டாயிற்றா என்று கேளுங்கள். ஸ்டால்காரர் தன் வீட்டு வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து, எது உள்ளே எது வெளியே என்று பார்க்காமல் செருகுவார். அடுத்த நொடி அந்தச் சிறு பெட்டியும் கேட்பவர்க்கெல்லாம் 192.168 என்று எண்களை வாரி வழங்கத் தொடங்கும். உண்மையான சர்வரை முந்திக்கொண்டு அது பதில் சொன்னால், அந்த வி-லேனில் உள்ள பக்கத்து ஸ்டால்களெல்லாம் இணையம் இல்லாமல் நிற்கும். ஸ்னூப்பிங் இருந்தால், சர்வர் இருக்கும் திசையின் போர்ட்டிலிருந்து வரும் எண் மட்டுமே செல்லும். மற்ற தானங்கள் சுவிட்சிலேயே விழுந்துவிடும். சில கட்டளைகளில் முடிகிற வேலை. இதைச் செய்யாதவர் மற்றதை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் நான் மதிப்பெண் தர மாட்டேன்.

கடைசியாக வாடகைச் சுவிட்ச். அது போன கல்யாணத்தின் ஞாபகத்தோடு வரும். சிஸ்கோ சுவிட்சுகளில் வி.டி.பி. என்று ஒரு வசதி உண்டு. ஒன்றில் எழுதிய வி-லேன் பட்டியலை மற்றவை தாமே படியெடுத்துக்கொள்ளும். அதன் பழைய பதிப்புகளில், டொமைன் பெயரும் கடவுச்சொல்லும் ஒத்துப்போய், புதிதாக மாட்டிய பழைய சுவிட்சின் திருத்த எண் பெரியதாக இருந்துவிட்டால், இரவெல்லாம் எழுதிய பட்டியல் போய் அதன் பழைய பட்டியல் எல்லாவற்றிலும் ஏறிவிடும். அமைப்பை அழித்துவிட்டோம் என்றும் சும்மா இருக்க முடியாது. வி-லேன் பட்டியல் தனிக் கோப்பாக இருப்பதால் அதையும் தனியே அழிக்கவேண்டும். வாடகைக் கடையிலேயே பெட்டியைப் பிரித்து, இரண்டையும் அழித்து, மின்சாரம் கொடுத்துப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றுகிற குழுவுக்கு முன்பணத்தைத் தாராளமாகக் கொடுங்கள். கூடத்துக்கு வந்து நேரே ரேக்கில் மாட்டுகிறவர்களுக்குப் பாதிப் பணத்தை நிகழ்ச்சி முடிந்த பிறகு கொடுத்தால் போதும்.