குடையும் செருப்பும்

(பெரியாழ்வார் திருநட்சத்திரமாகிய ஆனிச் சுவாதியன்று நிகழ்ந்த சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளை வளர்வதைப் பெற்றவர் கண் காண்பதில்லை. நாள்தோறும் எண்ணெய் தேய்த்து நீராட்டி, சோறூட்டி, மார்பின்மேல் போட்டு உறங்கச் செய்யும் தாய்க்கு, நேற்றைய பிள்ளையும் இன்றைய பிள்ளையும் ஒன்றாகவே தோன்றும். சென்ற பொங்கலுக்குத் தைத்த சட்டை தீபாவளிக்குள் தோளில் ஏற மறுக்கும்போது தையற்காரர்மேல் ஐயம் எழுகிறதேயன்றிப் பிள்ளைமேல் எழுவதில்லை. ஆறு திங்கள் கழித்து அயலூரிலிருந்து வரும் பாட்டி, வாயிற்படியில் நின்றவாறே, "அடி ஆத்தி! என்ன வளர்த்தி வளர்ந்துவிட்டான்!" என்று வியக்கிறாள். அப்போதுதான் அந்தத் தாய் தன் பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறாள். அந்தப் பார்வையில் மகிழ்ச்சியும் உண்டு. ஏதோ ஒன்று கைவிட்டுப் போயிற்று என்னும் சிறு திடுக்கீடும் உண்டு.

இந்தத் திடுக்கீட்டைத் தமிழில் முழுமையாகப் பாடிவைத்தவர் ஒருவர் உண்டெனில், அவர் பெற்ற தாயல்லர். திருவில்லிபுத்தூர் நந்தவனத்தில் பூக்கொய்து மாலை தொடுத்த விட்டுசித்தர் என்னும் அந்தணர். உலகம் அவரைப் பெரியாழ்வார் என்று போற்றுகிறது. அவர் தொண்டு செய்த எம்பெருமானுக்கு வடபத்திரசாயி என்று திருநாமம். ஆலிலைமேல் பள்ளிகொண்டவன் என்பது பொருள். ஊழி வெள்ளத்தில் ஆலிலைமேல் கிடந்ததும் குழந்தையே அன்றோ! குழந்தைப் பெருமானுக்குப் பூச்சூட்டியவர் குழந்தைப் பெருமானைப் பாடியது இயல்பே ஆகும்.

ஆழ்வாரின் உள்ளம் பெற்றோர் உள்ளமாக மாறிய கதை மதுரையில் தொடங்குகிறது. பாண்டியன் அவையில் பரத்துவம் உரைத்துப் பொற்கிழி பெற்று, யானைமேல் வீதி வலம் வந்த நாளில், எம்பெருமான் கருடன்மீது வானில் எழுந்தருளிக் காட்சி தந்தான் என்று குருபரம்பரை கூறும். வேறொருவராயின் வரம் கேட்டிருப்பார். ஆழ்வாரோ, "இத்துணைப் பேர் கூடிய இடத்தில் இவ்வளவு அழகோடு வந்து நிற்கிறானே, கண்ணேறு பட்டுவிடுமே" என்று அஞ்சினாராம். காக்கும் கடவுளுக்கே காப்புச் செய்யத் துணிந்து அவர் பாடியதே 12 பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டு. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையின் கன்னத்தில் மையால் பொட்டிடும் தாய்க்கு இந்த அச்சத்தை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

அவர் அருளிய திருமொழியில் அவர் அசோதையாகிவிடுகிறார். பிள்ளைத்தமிழ் என்னும் நூல்வகைக்குப் பிற்காலத்தார் காப்பு, செங்கீரை, தால், சப்பாணி எனப் பத்துப் பருவம் வகுத்தனர். மூன்றாந் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாந் திங்கள் ஈறாக, ஒற்றைப்பட்ட திங்கள்தோறும் ஒவ்வொரு பருவம் என்று கணக்கும் சொன்னார்கள். கணக்கு நூலோர்க்கு வேண்டும், தாய்க்கு வேண்டுவதில்லை. இக்காலத்தில் சில இல்லங்களில், "ஒன்பது மாதம் ஆயிற்றே, இன்னும் நிற்கவில்லையே! பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கிறதே!" என்று நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மழலையைத் துரத்துகிறார்கள். உண்மையான குறை இருப்பின் மருத்துவரிடம் காட்டுவது கடமை. வெறும் ஒப்புமைக்காக அவசரப்படுவோர் இருக்கிற பருவத்தையும் இழந்துவிடுகிறார்கள். ஆழ்வாரின் அசோதை திங்களை எண்ணவில்லை. பிள்ளை என்ன செய்கிறான் என்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் பார்ப்பவை எவை? தொட்டிலில் விட்டால் அது கிழிந்துபோமாறு உதைக்கிறான். இடுப்பில் எடுத்தால் இடுப்பு ஒடிகிறது. இறுக அணைத்தால் வயிற்றின்மேல் பாய்கிறான். இவனோடு மல்லாட வலுவின்றி இளைத்துவிட்டதாகத் தோழியிடம் முறையிடுகிறாள். குறைபோலத் தோன்றும் இச்சொற்களில் வழிவது பெருமிதமே. அடுத்து, அடிமுதல் முடிவரை ஒவ்வோர் உறுப்பாகக் காட்டி, வந்து பாருங்கள் என்று ஊர்ப் பெண்களை அழைக்கிறாள். பிரமன் அனுப்பிய மணித்தொட்டிலில் இட்டுத் தாலாட்டுகிறாள். நிலவை விளையாட வா என்று கூப்பிடுகிறாள். தலையை நிமிர்த்தி ஆடச் சொல்கிறாள், கைகொட்டச் சொல்கிறாள், சலங்கை ஒலிக்கத் தளர்நடை நடந்து வரச் சொல்கிறாள். ஓடிவந்து முதுகில் கட்டிக்கொள்ளும் சுகத்தைத் தனியே ஒரு பதிகமாக வைத்தார் ஆழ்வார். கண்ணை உருட்டி அச்சம் காட்டும் விளையாட்டுக்கும் ஒரு பதிகம் உண்டு. காது குத்தும் பதிகத்தில் கேசவன் முதலாகத் திருமாலின் பன்னிரு திருநாமங்களும் வருகின்றன. வலிக்குமே என்று அழும் பிள்ளையைத் தேற்றும்போதே பன்னிரு நாமமும் சொல்லி முடித்துவிடுகிறாள் அத்தாய்.

நீராட்டத்திற்கு அழைக்கும் பதிகம் இவற்றுள் தனிச்சுவை உடையது. உடம்பெல்லாம் வெண்ணெயும் புழுதியுமாகப் பிள்ளை நிற்கிறான். எண்ணெயும் புளியும் எடுத்து வைத்துத் தாய் காத்திருக்கிறாள், அவன் வருவதாயில்லை. அப்பமும் சிற்றுண்டியும் பாலும் வெல்லமும் சேர்த்துச் சுட்டு வைத்திருப்பதாக ஆசை காட்டுகிறாள். கன்றின் காதில் கட்டெறும்பைப் பிடித்துவிட்டுக் கன்றுகளைச் சிதறி ஓடச்செய்த குறும்பை நினைவூட்டி, கன்றுகள் போய்விட்டால் வெண்ணெய்க்கு எங்கே போவாய் என்று மிரட்டுகிறாள். இன்று நீ பிறந்த திருவோணம் என்றும் சொல்லிப் பார்க்கிறாள். (கண்ணன் பிறந்தது உரோகிணியன்றோ என்று கேட்பார் உளர். அத்தத்தின் பத்தாம் நாள் என்று ஆழ்வார் வேறோரிடத்தில் குறிக்கிறார். அத்தம் தொடங்கி முன்னோக்கி எண்ணினால் பத்தாவது திருவோணம். பின்னோக்கி எண்ணினால் பத்தாவது உரோகிணி. பிள்ளையின் நாளைப் பகைவர் அறியாதபடி மறைத்துச் சொல்வதும் தாய்மையின் சூழ்ச்சியே போலும்!)

இவ்வாறு ஒவ்வொரு பருவத்தையும் அணு அணுவாகத் துய்த்த தாய்க்கும் ஒருநாள் அந்தத் திடுக்கீடு வருகிறது. அவன் செய்த அரிய செயல்களையெல்லாம் எண்ணிப் பார்த்து, இவன் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது, இனி இவனுக்குப் பால்கொடுக்கவும் அச்சமாயிருக்கிறது என்கிறாள். இறைவன் என்று உணர்ந்ததால் எழுந்த அச்சம் என்பது ஒரு பொருள். கண்முன் இருப்பவன் தன் கைக்குள் அடங்கிய குழந்தையல்லன், தனியொருவன் என்று உணரும் எந்தத் தாய்க்கும் எழுகின்ற அச்சம் என்றும் கொள்ளலாம்.

அதனை அடுத்து வருவன இரண்டு பதிகங்கள். இன்று அன்பர்கள் சிறப்பாக எண்ணிப் பார்க்க வேண்டியவை இவையே.

கண்ணன் கன்று மேய்க்கக் காட்டுக்குப் போய்விட்டான். வீடு அமைதியாயிருக்கிறது. இத்தனை நாளும் எந்த அமைதிக்காக அசோதை ஏங்கினாளோ, அது வந்ததும் அவளால் அதைத் தாங்க இயலவில்லை. முன்பு அவன் வெண்ணெய் விழுங்கினான், கலத்தை உடைத்தான், சிறுமியர் கட்டிய மணல்வீட்டைச் சிதைத்தான் என்று ஆயர்மகளிர் வரிசையாக வந்து முறையிட்டார்கள். அயலார் வாயில் பிள்ளை விழுவதைப் பொறாமல் மனம் நொந்தாள். இப்போதோ, அந்தத் தீம்புகளையே செய்துகொண்டு ஊருக்குள் திரிய விடாமல் ஏன் கன்றின்பின் அனுப்பினேன் என்று தன்னையே நொந்துகொள்கிறாள். காட்டுவழி பரற்கல் நிறைந்தது, வெயிலில் கொதிப்பது. அவ்வழியில், குடையும் கொடாமல் செருப்பும் கொடாமல் பிள்ளையைப் போகவிட்டேனே, பாவியேன் என்று கதறுகிறாள்.

மாலையாகிறது. கன்றுகள் முன்னே வர, புழுதி படிந்த மேனியோடு பிள்ளை வருகிறான். அடுத்த பதிகம் தொடங்குகிறது. ஓடிச்சென்று எதிர்கொள்கிறாள் தாய். சிவந்த கண்ணையும் வெதும்பிய சிற்றடியையும் பார்க்கிறாள். அப்போது அவள் சொல்வது என்ன? குடையும் செருப்பும் குழலும் வருவித்து வைத்திருந்தும் நீ அவற்றை வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டாயே என்கிறாள்!

அன்பர்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். பிள்ளை கண்ணுக்கு மறைந்திருந்தபோது, கொடுக்கவில்லை என்றாள். பிள்ளை கண்முன் வந்ததும், நீ கொள்ளவில்லை என்கிறாள். எது உண்மை? முன்னுக்குப்பின் முரண் என்று இலக்கணம் கற்றோர் கூறக்கூடும். தாயாராக இருப்போர் கூறமாட்டார். அவள் எடுத்து வைத்தாள். அவன் ஓட்டமாக ஓடிவிட்டான். பகல் முழுவதும் அவள் பழியைத் தன்மேலேயே போட்டுக்கொண்டாள். பள்ளிக்கு முதல்நாள் அனுப்பிய தாய், சாப்பாட்டுப் பெட்டி திறக்கப்படாமலே திரும்பி வருவதைக் கண்டு, "நான் ஊட்டாமல் அனுப்பிவிட்டேனே" என்று காலையில் நொந்ததையும், "நீ ஏன் உண்ணவில்லை?" என்று மாலையில் கேட்பதையும் எண்ணிப் பார்க்க. பெற்றோர் கொடுக்க நினைப்பதும் பிள்ளைகள் கொள்ள விரும்புவதும் ஒன்றாக இருந்த பருவம் ஒன்று உண்டு. அது பால்குடிப் பருவம். பிள்ளையின் கால் வாயிற்படியைத் தாண்டிய அன்றே அது முடிந்துவிடுகிறது.

அசோதை விடுவதாக இல்லை. இன்னும் ஏழு நாளில் திருவோணத் திருநாள் வருகிறது, முளைப்பாலிகை இட்டுப் பல்லாண்டு பாடச் செய்தாயிற்று, கறியும் அரிசியும் சேர்த்தாயிற்று, ஆகவே நாளைமுதல் கன்றின்பின் போகாமல் அலங்காரம் செய்துகொண்டு வீட்டிலேயே இரு என்கிறாள். மறுநாள் அவன் போனானா, இருந்தானா? அடுத்த பதிகத்தில் மயில்தோகைக் குடைகள் சூழ, குழல் ஒலிக்க, மாடுகளோடு அவன் வீதியில் வருகிறான். கன்னியர் மயங்கி நிற்கின்றனர். தாயின் விருந்து என்னவாயிற்று என்பதற்கு ஆழ்வார் விடை சொல்லவில்லை.

இனி, ஆழ்வாரின் சொந்த இல்லத்திற்கு வருதல் வேண்டும். ஆடிப் பூர நன்னாளில் நந்தவனத்துத் துளசியின் அடியில் ஒரு பெண்மகவு அவருக்குக் கிடைத்தது. கோதை என்று பெயரிட்டு வளர்த்தார். கண்ணனின் ஒவ்வோர் அசைவையும் பாடிய அந்தக் கண்கள், தம் மகள் வளர்ந்ததைக் கண்டனவா? வடபத்திரசாயிக்குத் தொடுத்து வைத்த மாலையை நாள்தோறும் அவள் சூடி, அழகு பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள். பலநாள் அவர் அறியவில்லை. அறிந்தபோதும், அறியாச் சிறுமியின் பிழை என்றே கடிந்துகொண்டு வேறு மாலை தொடுத்தார். அவள் சூடியதே வேண்டும் என்று பெருமான் கனவில் உரைத்த பிறகே, வீட்டில் இருப்பவள் வேறொரு நிலைக்குப் போய்விட்டாள் என்பது தந்தைக்கு விளங்கிற்று. அவளோ, தன் நாச்சியார் திருமொழியில் ஓரிடத்தில், விட்டுசித்தர் வல்ல வகையில் தம்முடைய தேவரை வரவழைப்பாராயின் அதையும் பார்ப்போம் என்று தந்தையைச் சுட்டிப் பேசுகிறாள்.

பெரியாழ்வார் திருமொழியில் மகளைப் பற்றித் தாய் பேசும் இரண்டு பதிகங்கள் உள்ளன. அவற்றில் கோதையின் பெயர் இல்லை. ஆயினும் படிப்போர் நெஞ்சு அவளை நினையாமல் இராது. முதற்பதிகத்தில் தாய் சொல்கிறாள்: என் மகள் புழுதி அளையும் சிறுமி, ஆடையைச் செவ்வையாக உடுக்கத் தெரியாது, பல் முளைக்கவில்லை, மயிர் முடிக்கும் அளவு கூடவில்லை, விளையாட்டுச் சட்டியும் முறமும் கையைவிட்டு இறங்கவில்லை. அவ்வளவு சிறியவளோ திருமால்மேல் காதல்கொண்டு நிற்கிறாள்! முற்றத்தில் மணல் கொழித்து விளையாடும்போதும் சங்கும் சக்கரமும் தண்டும் வில்லுமே வரைகிறாளாம். பல் முளைக்காதவள் எவ்வாறு காதல் கொள்வாள்? மகள் வளர்ந்துவிட்டாள், தாயின் கண்தான் அந்த முற்றத்துப் புழுதியிலேயே நின்றுவிட்டது.

இரண்டாம் பதிகத்தில் மகள் போயேவிட்டாள். பனி பெய்து தாமரை உதிர்ந்த பொய்கைபோல வீடு வெறுமையாயிற்று. ஒரே மகள், திருமகளைப்போல் வளர்த்தாள், மாலவன் கொண்டு போய்விட்டான். இனித் தாயின் கவலையெல்லாம் புகுந்த வீட்டைப் பற்றியது. முன்விடியலில் கண்விழித்துத் தயிர் கடைய அவளுக்கு முடியுமா? கயிறு இழுத்து இழுத்துக் கை தழும்பேறிவிடுமோ? இவற்றிடையே ஒரு வினா எழுகிறது: பெருமை மிக்க பிள்ளையைப் பெற்ற அந்த அசோதை, மருமகளைக் கண்டு மகிழ்ந்து, செய்ய வேண்டிய சிறப்பெல்லாம் செய்வாளோ?

அசோதையாகி அத்தனை பதிகம் பாடியவர் ஆழ்வாரே. அவளுடைய நெஞ்சின் ஒவ்வொரு மடிப்பும் அவருக்குத் தெரியும். குடையும் செருப்பும் எடுத்துவைத்த தாய், பிறர் பெற்ற பெண்ணுக்குக் குறை வைப்பாளா? தெரிந்தும் கேட்கிறார், ஏனெனில் இப்போது அவர் பெண்ணைக் கொடுத்தவர்.

திருவரங்கம் சென்று அரங்கனோடு கலந்த கோதையை, மீண்டும் தம் ஊருக்கே எழுந்தருளச் செய்து மணம் முடித்துத் தரவேண்டும் என்று ஆழ்வார் வேண்டிக்கொண்டார் என்றும், அவ்வாறே பங்குனி உத்திரத்தில் திருமணம் நிகழ்ந்தது என்றும் தலவரலாறு கூறும். இன்றும் பங்குனி உத்திரத்தன்று அவ்வூரில் ஆண்டாள் திருக்கல்யாணம் நடைபெறுகிறது. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சன்னிதிக்குச் செல்லும் அன்பர்கள் கருவறையை ஊன்றிப் பார்க்க. மற்றத் தலங்களில் பெருமானுக்கு எதிரே நிற்கும் கருடாழ்வார், இங்கே ரெங்கமன்னாருக்கும் ஆண்டாளுக்கும் பக்கத்தில், ஒரே பீடத்தில் நிற்கிறார். பெரியாழ்வார் கருடனின் அம்சம் என்பது வைணவப் பெரியோர் கொள்கை.