சேர்வராயனைப் படித்தவர்கள்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் வண்டியை நிறுத்திக் கீழே பாருங்கள். சமவெளியில் ஓரிடம் மட்டும் வெள்ளைவெளேரென்று தெரியும். சேலத்துக்காரர்கள் வெள்ளைக்கல் என்று சொல்லும் மாக்னசைட் அது. எஃகு உலைகளின் உட்சுவருக்கான செங்கல் அதிலிருந்துதான் வருகிறது.

இந்த வட்டாரம் 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனி கைக்குப் போனது. கும்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்தது வரி போடத்தான். மலையை வேறு கண்ணோடு பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள்.

அவர்களில் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலம், திருச்சி வட்டாரப் பாறைகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 1864-இல் வெளியானது. மேடு எது, பள்ளம் எது என்று காட்டும் வரைபடம் வழிப்போக்கனுக்குப் போதும். இன்ன பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல, ஓடை ஓடையாக இறங்கி, சுத்தியலால் கல்லை உடைத்துப் பார்த்தாக வேண்டும். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

ஏற்காட்டின் கருநிறப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கும்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இதே இனம் என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு வைத்த பெயர் அது. சென்னைக்குப் பக்கத்துப் பல்லாவரத்திலும் இதே பாறைதான். அந்தப் பல்லாவரத்தில்தான் 1863-இல் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார்.

உச்சிக்குப் போனால் சேர்வராயன் கோயில். குனிந்து நுழையும் குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். குகை காவிரி வரை போகிறது என்பது இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் நம்பிக்கை. சுற்றிலும் மண் செக்கச்சிவந்திருக்கும். பல காலம் மழையில் ஊறிப் பாறை மக்கிய மண். இம்மலையில் வெட்டிய பாக்சைட், மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது. சாமி இருக்கும் மலையைத் தோண்டும்போது அங்கே வாழ்கிறவர்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஓய்வுக்குப் பிறகு ஃபூட் ஏற்காட்டிலேயே குடியிருந்தார். அவருடைய மாமனார், தமிழறிஞர் பீட்டர் பெர்சிவல், 1882-இல் காலமானதும் இதே ஊரில்தான். ஃபூட் சேர்த்த கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. ஏற்காடு பார்த்துத் திரும்புகிறவர்கள், அடுத்து சென்னை போகும்போது எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்தில் அந்தத் தொகுப்பைக் கேட்டுப் பாருங்கள்.